எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்கிக்கலாமா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

போன மாசம் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் பத்தி எழுதினப்போ கடைசியில ஒரே ஒரு வரி, 'எடுத்த மார்பை மறுபடி உருவாக்கவும் வழி இருக்கு'ன்னு போட்டிருந்தேன். மொத்தக் கட்டுரையையும் விட்டுட்டு அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. பாதிப் பேர் பேர் போட வேணாம்னு கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரும் போடல, ஊர் மட்டும்.

கரூர் வாசகி, 44 வயசு: எனக்கு இடது பக்கம் கட்டி, பயாப்ஸியில கேன்சர்னு வந்துடுச்சு. அடுத்த வாரம் ஆபரேஷன், முழுசா எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஸ்கேன் எடுக்கப் போன இடத்துல ஒரு அக்கா 'அப்பவே புதுசா வச்சுக்கலாமாமே, கேட்டியா'ன்னாங்க. வீட்ல மாமியார், 'உசுரு பொழைச்சா போதும், இந்த வயசுல அழகு என்னத்துக்கு'ங்கிறாங்க. டாக்டர்கிட்ட கேக்கவே கூச்சமா இருக்கு. அப்படி வச்சுக்கிட்டா கேன்சர் திரும்ப வருமா? உள்ளுக்குள்ள வந்தா வெளிய தெரியாமப் போயிடுமா?

அடுத்த வாரம்னா இன்னும் நேரம் இருக்கு, நாளைக்கே போய்க் கேளுங்க. கூச்சப்பட வேண்டிய இடம் இது இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச பிறகும் இதைக் கேக்கலாம்தான், ஆனா முன்னாடியே கேட்டா கிடைக்கிற சில வசதி பின்னாடி கேட்டா கிடைக்காது.

ஏன்னு சொல்றேன். வழக்கமா முழு மார்பையும் எடுக்கும்போது மேல இருக்கிற தோல்லயும் ஒரு பெரிய பகுதியை எடுத்துட்டு, மிச்சத் தோலை நெஞ்சோட ஒட்டித் தட்டையா தைச்சிடுவாங்க. அதே நேரத்துல மறுசீரமைப்பும், அதாவது புது மார்பு உருவாக்குறதும், பண்ணப்போறாங்கன்னா, கேன்சர் தோலுக்குப் பக்கத்துல வராத பட்சத்துல, தோலை அப்படியே விட்டுட்டு உள்ள இருக்கிற திசுவை மட்டும் எடுப்பாங்க, சிலருக்கு காம்பையும் காப்பாத்த முடியும். உங்க சொந்தத் தோலுக்குள்ளயே புதுசா நிரப்பும்போது கிடைக்கிற உருவம், தட்டையா தைச்ச பிறகு ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு உருவாக்குறதுல அவ்ளோ சுலபமா வராது. இதை முடிவு பண்றது கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி. அதனால கேன்சர் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் ரெண்டு பேரும் உங்களை ஆபரேஷனுக்கு முன்னாடியே பாக்கணும். உங்க ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜன் இல்லைன்னா எங்க இருக்காங்கன்னு கேட்டு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க, அதுக்காக ஆபரேஷன் ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போனா குடி முழுகிடாது, ஆனா மாசக்கணக்குல இழுக்கக் கூடாது.

இன்னொண்ணையும் சேர்த்துக் கேளுங்க. 'முழுசா எடுக்கத்தான் வேணுமா, கட்டியை மட்டும் எடுத்தாப் போதாதா?' ஆரம்ப நிலை கேன்சர்ல கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தாலும், முழுசா எடுத்தாலும், உயிர் பிழைக்கிற வாய்ப்பு ஒண்ணுதான். மிலன்ல உம்பெர்த்தோ வெரோனேசி நடத்தின ஆய்வும் அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷர் நடத்தின ஆய்வும் 20 வருஷம் பின்தொடர்ந்து பாத்து 2002-ல இதையேதான் சொல்லுச்சு. உங்களுக்கு கட்டி பெருசா இருக்கலாம், ஒரே மார்புல ரெண்டு மூணு இடத்துல இருக்கலாம், காரணம் இருந்தா டாக்டர் சொல்வாங்க. காரணம் தெரிஞ்சுக்கிட்டு எடுக்கிறது வேற, தெரியாம எடுக்கிறது வேற.

இப்ப உங்க பயத்துக்கு வரேன். மறுசீரமைப்பு பண்றதால கேன்சர் திரும்ப வர்ற வாய்ப்பு கூடுறதில்ல. திரும்ப வந்தாலும் பெரும்பாலும் தோல்லயோ தோலுக்கு அடியிலயோதான் வரும், கைக்குத் தட்டுப்படும். புது மார்புக்கு உள்ள வைக்கிற இம்ப்ளான்ட்டோ (சிலிக்கான் பை), வயித்துல இருந்து எடுத்து வைக்கிற சதையோ அதுக்கும் பின்னாடிதான் உக்காந்திருக்கும், அதனால மறைச்சிடும்ங்கிற பயம் வேண்டாம்.

ஆனா எல்லாருக்கும் 'அப்பவே' சரிவராது. கட்டி பெருசு, அக்குள்ல நெறி நிறைய கட்டியிருக்குன்னா, ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன், நம்மூர்ல 'கரண்ட் வைக்கிறது'ன்னு சொல்வாங்களே அது, கண்டிப்பா வேண்டியிருக்கும். புதுசா வச்ச இம்ப்ளான்ட் மேல கரண்ட் பட்டா சுத்தி இருக்கிற சவ்வு இறுகி மார்பு கல்லு மாதிரி ஆகுற வாய்ப்பு நல்லாவே கூடும். வயித்துச் சதையில பண்ணினாலும் ஓரளவு சுருங்கலாம். அதனால ரேடியேஷன் நிச்சயம்னு தெரிஞ்சவங்களுக்கு நிறைய சர்ஜன்கள் தள்ளித்தான் போடுவாங்க, இல்லைன்னா தோல் சுருங்காம இருக்க தற்காலிகமா ஒரு எக்ஸ்பாண்டரை (தோலை விரிச்சு வைக்கிற பலூன் மாதிரி பை) வச்சு விடுவாங்க. மார்பு முழுக்க சிவந்து வீங்கி ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகுற வகை கேன்சர்ல அப்பவே பண்றதை யாரும் சிபாரிசு பண்றதில்ல. சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்களும் யோசிக்கணும். சிகரெட் பிடிக்கிறவங்க, அப்புறம் முக்கியமா வெத்தலையோட புகையிலை போடுறவங்க, அதை ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தியாகணும், நிக்கோட்டின் எந்த வழியில உள்ள போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும், தோல் கருத்துப் போயிடும். புண் ஆறாம இழுத்துச்சுன்னா கீமோ தள்ளிப்போகும், அது உயிரோட விளையாடுற வேலை, அதனால இந்த விஷயத்துல டாக்டர் 'இப்ப வேணாம்'னு சொன்னா கோவிச்சுக்காதீங்க.

மாமியார்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விபத்துல பல் போனா பல் கட்டிக்கிறோம், யாரும் 'இந்த வயசுல அழகு எதுக்கு'ன்னு கேக்குறதில்ல. வச்சுக்கணுமா வேணாமாங்கிறது உங்க முடிவு, வேணாம்னு முடிவு பண்ணினாலும் அது முழுசா சரியான முடிவுதான், ஆனா அதை எடுக்க வேண்டியது நீங்க.

திருநெல்வேலி வாசகி, 47 வயசு: மூணு வருஷம் முன்னாடி வலது மார்பை எடுத்துட்டாங்க, கீமோ, கரண்ட் எல்லாம் முடிஞ்சது, இப்ப கேன்சர் திரும்ப வராம இருக்க டமாக்சிஃபன் மாத்திரை சாப்பிடுறேன். வயித்துச் சதையை எடுத்து மார்பு செய்வாங்கன்னு யூடியூப்ல பாத்தேன். எனக்கு சதைக்குப் பஞ்சமே இல்ல! ஆனா ரெண்டும் சிசேரியன், கூடவே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியிருக்கு. முடியுமா? ரொம்ப வலிக்குமா?

முடியும், பெரும்பாலும். சிசேரியன் தழும்பு அடிவயித்துல குறுக்கால இருந்தா அது ஒரு தடையே இல்ல, நாங்க எடுக்கிற தோலும் கொழுப்பும் அதுக்கு மேலதான் இருக்கு, சில சமயம் பழைய தழும்பு புதுத் தழும்போட சேர்ந்து காணாமலே போயிடும். தொப்புள்ல இருந்து கீழ நேரா செங்குத்தா கீறியிருந்தா, ஒரு பக்கத்து ரத்த ஓட்டம் அந்தத் தழும்பைத் தாண்டி இன்னொரு பக்கம் போகாது, அப்ப ஒரு பாதியை மட்டும்தான் நம்பி எடுக்க முடியும். தொப்பையைக் குறைக்கிறோம்னு ஏற்கனவே வயித்துத் தோலை வெட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்குத்தான் கதவு அடைச்சாச்சு. எதுக்கும் முன்னாடி ஒரு சிடி ஆஞ்சியோ எடுத்து எந்த ரத்தக்குழாய் எங்க வருதுன்னு பாத்துக்குவாங்க.

உங்களுக்கு ரேடியேஷன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, அது நல்லது, குறைஞ்சது ஆறு மாசமாவது காத்திருக்கச் சொல்வோம். கரண்ட் பட்ட நெஞ்சுல இம்ப்ளான்ட்டை விட சொந்தச் சதைதான் ஒத்துப்போகும், வெளியில இருந்து நல்ல ரத்த ஓட்டத்தோட ஆரோக்கியமான திசு வருதுல்ல.

வயித்துல இருந்து எடுக்கிற சதைத் துண்டை 'ஃப்ளாப்'னு சொல்வோம், அதுல ரெண்டு வகை இருக்கு. பழசு டிராம் ஃப்ளாப், 1982-ல அமெரிக்காவுல கார்ல் ஹார்ட்ராம்ப் எழுதின முறை, வயித்துத் தசையையும் கொழுப்போட சேர்த்து அப்படியே உள்ளுக்குள்ள சுரங்கம் மாதிரி மேல கொண்டு வருவாங்க. மைக்ராஸ்கோப் வேணாம், நேரம் கம்மி, ஆனா தசை போறதால வயிறு பலம் குறையும், சிலருக்குக் குடலிறக்கம் மாதிரி புடைக்கும். குனிஞ்சு நிமிந்து வேலை செய்றவங்க, குடம் தூக்குறவங்க இதை யோசிக்கணும். புதுசு டீப் ஃப்ளாப். தசையை விட்டுட்டு, தசைக்குள்ள இழையோடி வர்ற ரத்தக்குழாயை மட்டும் பொறுமையா பிரிச்செடுத்து, கொழுப்பையும் தோலையும் முழுசா உடம்புல இருந்து கழட்டி, நெஞ்செலும்புக்குப் பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப்ல வச்சுத் தைப்பாங்க. அந்தக் குழாய் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், தைக்கிற நூல் தலைமுடியை விட மெலிசு. ஒரு பக்கத்துக்கே ஆறுல இருந்து எட்டு மணி நேரம் ஆகும்.

யூடியூப்ல காட்டாததைச் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்ச முதல் ராத்திரி உங்களுக்கும் தூக்கம் இல்ல, நர்ஸுக்கும் இல்ல. மணிக்கு ஒரு தடவை வந்து புது மார்பைத் தொட்டுப் பாப்பாங்க, சூடா இருக்கா, நிறம் மாறியிருக்கா, விரலால அமுக்கி விட்டா ரெண்டு மூணு செகண்டுல ரத்தம் திரும்ப வருதான்னு. பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை வச்சா உள்ள ரத்தம் ஓடுற சத்தம் 'உஷ்... உஷ்...'னு கேக்கும். அந்தச் சத்தம் நின்னாலோ தோல் நீலமாப் போனாலோ நடுராத்திரியானாலும் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குத்தான், தைச்ச குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கும், சீக்கிரம் பாத்தா பெரும்பாலும் காப்பாத்திடலாம். அனுபவம் உள்ள இடத்துல முழுசா தோத்துப் போறது நூத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான், ஆனா அந்த ரெண்டு மூணுல நாம இருக்கலாம்ங்கிறது தெரிஞ்சே கையெழுத்துப் போடணும். அறை கதகதப்பா இருக்கணும், ஏசி கிடையாது, மே மாசம்னா உங்க அதிர்ஷ்டம்!

வலின்னு கேட்டீங்க. மார்பு அவ்ளோ வலிக்காது, அங்க நரம்பெல்லாம் ஏற்கனவே மரத்துப் போயிருக்கும். வயிறுதான் இழுக்கும். தோலை எடுத்துட்டு இழுத்துத் தைச்சிருக்கிறதால ஒரு வாரத்துக்கு நிமிந்து நிக்க முடியாது, கூன் போட்டுத்தான் நடப்பீங்க, படுக்கும்போது முட்டிக்கு அடியில ரெண்டு தலையணை வேணும். மார்புலயும் வயித்துலயும் டியூப் வச்சு அதுல ஒரு சின்ன ரப்பர் உருண்டை தொங்கும், அதை நைட்டியில ஊக்கு வச்சுக் குத்திக்கிட்டுதான் நடமாட்டம். தினமும் எத்தனை மில்லி தண்ணி வந்துச்சுன்னு நோட்டுல எழுதணும், 24 மணி நேரத்துல 30 மில்லிக்குக் கீழ வந்தா எடுத்துடுவாங்க. ஆறு வாரத்துக்கு குக்கர், தண்ணிக் குடம், பேரன் பேத்தி எதையும் தூக்கக் கூடாது, ஊர்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வந்து வச்சுக்கோங்க.

டமாக்சிஃபன் ரத்தம் உறையுற தன்மையைக் கூட்டும், அதனால ஆபரேஷனுக்கு சில வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, கேன்சர் டாக்டர் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு. உங்க நெஞ்சுத் தோல் கரண்ட் பட்டு கெட்டியாகியிருக்கும், அந்த இடத்தை எடுத்துட்டு வயித்துத் தோலை வைக்கிறதால மார்பு மேல ஒரு முட்டை வடிவத்துல வேற நிறத் திட்டு தெரியும். துணி போட்டா ஒண்ணும் தெரியாது, கண்ணாடி முன்னாடி தெரியும். அப்புறம் நீங்க எடை போட்டா அதுவும் எடை போடும், ஏன்னா அது வயித்துக் கொழுப்பு, மேல வந்துட்டாலும் குணம் மாறாது.

ஒல்லியா இருக்கிறவங்களும் கேட்டிருந்தாங்க, அவங்களுக்கு முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டு வர்ற முறை இருக்கு, ரத்தக்குழாயை வெட்டவே வேண்டாம்ங்கிறதால நம்பகமானது, ஆனா அளவு பத்தாது, பெரும்பாலும் கூட ஒரு இம்ப்ளான்ட்டும் வைக்க வேண்டியிருக்கும். தொடையில இருந்தும் எடுக்கிறாங்க, அது எல்லா இடத்துலயும் கிடைக்காது.

சென்னை, குரோம்பேட்டை வாசகி: சிலிக்கான் வச்சா உள்ள வெடிச்சிடும், அதுவே கேன்சர் உண்டாக்கும்னு ஆபீஸ்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க. உண்மையா? வாழ்நாள் முழுக்க வருமா?

ஆபீஸ்ல சொல்றதுல கால்வாசி உண்மை இருக்கு. 1962-ல ஹூஸ்டன்ல முதல் சிலிக்கான் இம்ப்ளான்ட் வச்சாங்க, அதுக்கப்புறம் 30 வருஷம் உலகம் பூரா வச்சுத் தள்ளினாங்க, ஒழுகுது, மூட்டுவலி வருதுன்னு புகார் குவிஞ்சதும் 1992-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அழகுக்காக வைக்கிறதை நிறுத்தி வச்சது. கவனிங்க, அப்பவும் கேன்சர்ல மார்பு இழந்தவங்களுக்கு ஆய்வு அடிப்படையில அனுமதி இருந்துச்சு. நிறைய ஆராய்ச்சிக்குப் பிறகு 2006-ல தடையை எடுத்தாங்க. இப்ப வர்ற ஜெல் கெட்டியானது, ஓட்டை விழுந்தாலும் தண்ணி மாதிரி ஓடாது. வெடிக்கிறதெல்லாம் சினிமா, நிஜத்துல சத்தமில்லாம கிழியும், உங்களுக்கே தெரியாது, அதான் பிரச்சனை. அதனால வச்ச 5, 6 வருஷத்துல ஒரு தடவை எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ, அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்னு எஃப்டிஏ சொல்லுது. வாழ்நாள் உத்தரவாதம் கிடையாது, 45 வயசுல வச்சா வாழ்க்கையில இன்னொரு தடவையாவது மாத்த வேண்டியிருக்கும்னு மனசுல வச்சுக்கோங்க.

மார்பகக் கேன்சரை அது உண்டாக்காது. ஆனா சொரசொரப்பான மேல்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்டைச் சுத்தி இருக்கிற சவ்வுல ரொம்ப அரிதா ஒரு வகை லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) வருதுன்னு கண்டுபிடிச்சாங்க, 2019 ஜூலையில அலர்கன் கம்பெனியோட பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்ப வாங்கிக்கிட்டதுக்கு அதான் காரணம். அதனால சர்ஜன்கிட்ட கம்பெனி என்ன, மேல்பரப்பு வழவழப்பா சொரசொரப்பான்னு கேளுங்க, இம்ப்ளான்ட் அட்டையை நகைப்பெட்டியில வைக்கிற மாதிரி பத்திரமா வைங்க. வச்சு பல வருஷம் கழிச்சு திடீர்னு ஒரு பக்கம் வீங்கினா உடனே காட்டணும்.

எப்படி வைக்கிறாங்கன்னும் கேக்குறீங்க. தோல் போதுமான அளவு இருந்தா நேரடியாவே வச்சிடலாம். பத்தலைன்னா முதல்ல காத்துப் போன பலூன் மாதிரி ஒரு எக்ஸ்பாண்டரை வச்சுத் தைச்சுடுவாங்க. புண் ஆறினதும் வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ போவீங்க, நர்ஸ் தோல் மேல ஒரு சின்ன காந்தக் கருவியை நகர்த்தி உள்ள இருக்கிற மூடி எங்கன்னு கண்டுபிடிச்சு, ஊசி குத்தி 50, 60 மில்லி சலைன் ஏத்துவாங்க. குத்துறது பெருசா தெரியாது, அன்னைக்கு ராத்திரி நெஞ்சு இறுகின மாதிரி இருக்கும், ஒரு பாராசிட்டமால் போதும். வேணுங்கிற அளவு தோல் விரிஞ்சதும் இன்னொரு சின்ன ஆபரேஷன்ல அதை எடுத்துட்டு நிஜ இம்ப்ளான்ட் வைப்பாங்க. நிறைய எக்ஸ்பாண்டர்ல காந்தம் இருக்கும், அது உள்ள இருக்கிறவரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, ஸ்கேன் சென்டர்ல அவங்க கேக்காட்டியும் நீங்க சொல்லணும்.

சேலம் வாசகர்: என் மனைவிக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகுது. என் முன்னாடி துணி கூட மாத்துறதில்ல. மறுசீரமைப்பு பண்ணிக்கோன்னு சொன்னா அழுறாங்க. பணம் ரெடியா வச்சிருக்கேன். எப்படி சம்மதிக்க வைக்கிறது?

சார், நல்ல மனசோடதான் கேக்குறீங்க, அதனால நேராவே சொல்றேன், சம்மதிக்க வைக்காதீங்க. நீங்க 'பண்ணிக்கோ'ன்னு சொல்லும்போது அவங்க காதுல விழுறது 'இப்ப இருக்கிற மாதிரி நீ எனக்குப் பிடிக்கல'ன்னு. கீமோ, முடி கொட்டினது, எல்லாத்தையும் தாண்டி வந்தவங்க இன்னொரு தடவை தியேட்டர் லைட்டைப் பாக்க பயப்படலாம், அதுவும் நியாயம்தான். பணத்தை ஓரமா வைங்க. தழும்பை இதுவரைக்கும் நீங்க பாத்திருக்கீங்களா, அவங்களே கண்ணாடியில பாத்திருக்காங்களான்னு யோசிங்க. தழும்புல தேங்காயெண்ணெய் தடவி விடுறது, கை வீங்காம இருக்க சொல்லிக் குடுத்த பயிற்சியைக் கூட நின்னு செய்யுறது, இப்படி ஆரம்பிச்ச வீடுகள் இருக்கு. உங்க ஆஸ்பத்திரியிலயே மனசு விட்டுப் பேச ஆலோசகர் (கவுன்சிலர்) இருப்பாங்க, ரெண்டு பேருமா போங்க. மறுசீரமைப்புக்குக் கெடு எதுவும் இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சுத் தோணினாலும் பண்ணலாம், தோணவே இல்லைன்னாலும் விட்டுடலாம்.

தஞ்சாவூர் வாசகி, 68 வயசு: எனக்கு இன்னொரு ஆபரேஷன் எல்லாம் வேணாம்மா. ஆனா ஜாக்கெட் ஒரு பக்கம் தொளதொளன்னு இருக்கு, கர்ச்சீப் மடிச்சு வச்சா நழுவிக் கீழ வந்துடுது, போன வாரம் கோயில்ல கும்பிடக் கையைத் தூக்கினப்போ மானமே போச்சு. ஒரு தோள் தூக்கிக்கிட்ட மாதிரியும் இருக்கு.

அம்மா, கர்ச்சீப்புக்கு ஓய்வு குடுங்க. சிலிக்கான்ல செஞ்ச செயற்கை மார்பு ரெடிமேடா கிடைக்குது, மார்பக அளவுக்கும் எடைக்கும் ஏத்த மாதிரி. எடைதான் முக்கியம், ஒரு பக்கம் பாரம் இல்லாததாலதான் தோள் தூக்குது, கழுத்து வலியும் அதனாலதான். அதை வைக்கிறதுக்குன்னே உள்ள பை வச்ச பிரா இருக்கு. பிரா போடுற வழக்கம் இல்லைன்னா உங்க டெய்லர்கிட்ட ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் மெல்லிசு காட்டன் துணியில ஒரு பை வச்சு, மேல வாயை உள்பக்கமா மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க, கை தூக்கினாலும் நழுவாது. டெய்லர் ஆம்பளைன்னு சங்கடமா இருந்தா ஒரு பழைய ஜாக்கெட்டுல மருமக கையால தைச்சு மாதிரிக்குக் குடுத்தனுப்புங்க. வெயில் காலத்துல சிலிக்கான் வேர்க்கும், அப்ப காட்டன் நூல்ல பின்னி உள்ள பஞ்சு அடைச்சது போட்டுக்கலாம், லேசா இருக்கும், துவைக்கலாம், ஆனா எடை இல்லாததால மேல ஏறும், உள்ள ஒரு சின்னத் துணிப்பையில கொஞ்சம் சிறு கூழாங்கல்லோ மணியோ போட்டுத் தைச்சா நிக்கும். சிலிக்கான்ல ஊக்கு மட்டும் குத்திடாதீங்க.

புதுசா ஆபரேஷன் ஆனவங்க ஆறு வாரம் போல பஞ்சு வச்சதையே பயன்படுத்துங்க, தழும்பு ஆறின பிறகு சிலிக்கானுக்கு மாறலாம்.

கோயம்புத்தூர் வாசகி, 36 வயசு: ஒரு மார்புல கேன்சர். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி மாதிரி ரெண்டையும் எடுத்துட்டு ரெண்டுலயும் இம்ப்ளான்ட் வச்சுட்டா ஒரேயடியா நிம்மதிதானே?

ஜோலிக்கு அப்ப கேன்சர் வரல. பிஆர்சிஏ 1 மரபணுவுல கோளாறு இருந்துச்சு, அவங்க அம்மா கேன்சர்ல போனாங்க, தனக்கு வர்ற வாய்ப்பு 87 சதவீதம்னு டாக்டர்கள் சொன்னதா 2013-ல அவங்களே எழுதினாங்க. அந்தக் கணக்கு வேற. உங்களுக்கு 36 வயசுங்கிறதால மரபணு டெஸ்ட் கட்டாயம் எடுக்கணும், அதுல கோளாறு வந்தா ரெண்டையும் எடுக்கிறது பத்திப் பேசலாம், சினைப்பையைப் பத்தியும் பேசணும். கோளாறு இல்லைன்னா நல்லா இருக்கிற மார்பை எடுக்கிறதால உங்க ஆயுள் கூடாது, இப்ப இருக்கிற கேன்சர் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவுறதை அது தடுக்காது, ஆபரேஷன் சிக்கல் மட்டும் ரெண்டு மடங்கு. கல்யாணம், குழந்தை பத்தி நீங்க எழுதல, ஆனா உங்க வயசுக்காரங்க நிறையப் பேர் கேட்டிருக்காங்க: மறுசீரமைச்ச மார்புல பால் வராது, இன்னொரு மார்புல குடுக்கலாம். வயித்துச் சதை எடுத்த பிறகும் கர்ப்பம் தரிக்கலாம். கீமோவுக்கு முன்னாடி கருமுட்டை சேமிக்கிறதைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களா? கேக்கலைன்னா இன்னைக்கே கேளுங்க, கீமோ ஆரம்பிச்சுட்டா அந்த வாய்ப்பு கைநழுவிடும்.

மதுரை வாசகி: மறுசீரமைப்புக்கு இன்சூரன்ஸ் கேட்டா 'இது காஸ்மெட்டிக், வராது'ன்னு லெட்டர் அனுப்பிட்டாங்க. என்ன செய்ய?

சண்டை போடுங்க, உங்க பக்கம் எழுத்துலயே இருக்கு. எல்லா ஹெல்த் பாலிசியிலயும் 'எக்ஸ்க்ளூஷன் 08'னு ஒரு பகுதி வரும், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ 2019-ல எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வார்த்தையில எழுதிக் குடுத்தது. காஸ்மெட்டிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாதுன்னு ஆரம்பிக்கும், அங்கயே நிறுத்திட்டு லெட்டர் அனுப்பிடுவாங்க. அதே வாக்கியம் தொடர்ந்து, விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்குப் பிறகு பண்ற மறுசீரமைப்பு இந்த விலக்குல சேராதுன்னு சொல்லுது. அந்த வரியைக் கோடு போட்டு, பயாப்ஸி ரிப்போர்ட், முதல் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, இது கேன்சருக்குப் பிறகான மறுசீரமைப்புதான்னு சர்ஜன் கையெழுத்துப் போட்ட லெட்டர் எல்லாம் சேர்த்து கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன்கிட்ட போங்க, அதுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேணாம். ஆனா பாலிசியோட காத்திருப்புக் காலம், மொத்தத் தொகையில ஏற்கனவே கீமோவுக்குப் போனது எவ்ளோ, இதையும் பாத்துக்கோங்க, அந்த வகையில மறுத்தா வாதாட முடியாது.

இன்சூரன்ஸே இல்லாதவங்களுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, எந்த வகை மறுசீரமைப்பு உங்க ஆஸ்பத்திரியில அதுல வரும்னு அங்க இருக்கிற காப்பீட்டுத் திட்ட கவுண்டர்ல அட்டையைக் காட்டி அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. சென்னை ராஜீவ்காந்தி ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், உங்க ஊர் ராஜாஜி ஆஸ்பத்திரி, எல்லாத்துலயும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், ஆனா கேக்கிறதுக்குக் காசில்ல.

சில சின்னக் கேள்விகள்

*காம்பு எப்ப வைப்பாங்க?* (விழுப்புரம்) புது மார்பு உக்காந்து வீக்கம் வத்தினதும், மூணு நாலு மாசம் கழிச்சு. அங்க இருக்கிற தோலையே மடிச்சுத் தைச்சு எழுப்புவாங்க, கருவட்டத்துக்குப் பச்சை குத்துவாங்க. நாளாக நாளாக அது கொஞ்சம் தட்டையாகும், பச்சையும் மங்கும், திரும்பக் குத்திக்கலாம். வெறும் பச்சை மட்டும் குத்தி முப்பரிமாணமா தெரிய வைக்கிறவங்களும் இருக்காங்க, எனக்கு அதுதான் நல்லாயிருக்குன்னு தோணும்.

*தொட்டா உணர்ச்சி இருக்குமா?* (நாகர்கோவில்) பெரும்பாலும் இருக்காது, ஓரத்துல கொஞ்சம் திரும்பலாம். அதனால வெந்நீர் ஒத்தடம், ஹாட் வாட்டர் பேக் புது மார்பு மேல வைக்கவே வைக்காதீங்க, சுட்டது தெரியாம கொப்பளிச்சுடும். வயித்துலயும் அப்படித்தான்.

*அந்தப் பக்கம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கணுமா?* (ஈரோடு) முழுசா எடுத்து உருவாக்கின பக்கம் வழக்கமா வேண்டாம், கையால பரிசோதனை போதும். இன்னொரு பக்கம் வருஷா வருஷம் கண்டிப்பா.

*ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?* (வேலூர்) அச்சு அசலா இருக்காது. இன்னொரு மார்பு வயசாக ஆகத் தொங்கும், இம்ப்ளான்ட் வச்சது தொங்காது. அதைக் கொஞ்சம் தூக்கியோ சின்னதாக்கியோ சமமாக்கலாம், வேணும்னா.

*ஏர்போர்ட்ல மெஷின் கத்துமா? மகள் துபாய்ல இருக்கா.* (ராமநாதபுரம்) சிலிக்கானுக்குக் கத்தாது. எக்ஸ்பாண்டர் உள்ள இருந்தா அதுல இருக்கிற காந்தத்துக்குக் கத்தலாம், டாக்டர் லெட்டர் ஒண்ணு கைப்பையில வச்சுக்கோங்க.